இன்னும் ஒரே ஒரு டச்

அவர் வரைந்து முடித்த படம் என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வரைந்த படங்கள் ஏராளம். முடித்ததுதான் இல்லை. ஒருமுறை கூடை நிறையப் பழம் வரைய உட்கார்ந்தார். பழம் அழுகி, கூடையை வீட்டம்மா குப்பையில் போட்ட பிறகும் தொட்டுக்கொண்டே இருந்தார். ஆப்பிளுக்கு ஒரு டச், நிழலுக்கு ஒரு டச் என்று போய்ப் போய், மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கூடை குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தளபதியாக மாறிவிட்டது. ஏறிய வண்ணத்தின் கனம் தாங்காமல் ஒருநாள் ஆணி சுவரோடு பெயர்ந்து வந்தது. படம் விழுந்த சத்தத்தில் ஓடிப்போன தெருமுனை நாய் இன்றுவரை திரும்பவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அவர் இப்படி இல்லை. பல் செட்டு செய்கிற கூடத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். இவர் பல்லைச் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இழைத்து, சொன்ன நாளில் அனுப்பியாக வேண்டும். அங்கே ஒருத்தர் பொக்கை வாயோடு காத்திருக்கும்போது இங்கே இன்னொரு டச் என்று இழுத்துக்கொண்டிருக்க முடியுமா? அத்தனை வருடம் அடக்கிவைத்த கையை ஓய்வு பெற்றதும் அவிழ்த்துவிட்டார்.

நிறம் பார்ப்பதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளையிலேயே முப்பது வகை பிரிப்பார். டம்ளரை எட்டிப் பார்த்தே பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவார் என்பதால் பால்காரர் அவர் வீட்டு வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓட்டமாக ஓடுவார். ஊர் ஓவியர் சங்கத்தில் அவருக்கு ‘பல் மாஸ்டர்’ என்றே பெயர். அவருடைய வேதவாக்கு ஒன்றுதான்: “நெறத்த லைட்டு போட்டுப் பாக்கக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்துல பாக்கணும். ஜன்னல் பொய் சொல்லாது.”

அதனால் சந்துப் பக்கம் பார்த்த சின்ன அறையைப் படம் வரைகிற அறையாக்கிக்கொண்டார். ஒரே ஒரு ஜன்னல். அதன் பக்கத்தில் ஸ்டாண்டு, அதில் கேன்வாஸ், கீழே நசுங்கிய வண்ணக் குழாய்கள், டர்பன்டைன் பாட்டில்கள், அவருடைய பழைய பனியன்களைக் கிழித்துச் செய்த துடைப்புத் துணிகள். பனியன் பழையதாவதற்கு முன்பே கிழிக்கப்படுகிறது என்பது வீட்டம்மாவின் புகார்.

வருடத்துக்கு ஒருமுறை நூலகத்தின் மாடிக் கூடத்தில் சங்கத்தின் கண்காட்சி நடக்கும். வருடா வருடம் அவரும் படம் கொண்டுபோவார். வருடா வருடம் திரும்பி வரும். காரணம் கலை அல்ல, ஈரம். காய்ந்த படத்தைத்தான் மாட்டுவார்கள். இவரோ வாசல்படி ஏறும்போதுகூட ஒரு டச் கொடுத்துக்கொண்டே ஏறுகிறவர். போன வருடம் அவருடைய சூரிய அஸ்தமனத்தின் பாதி, சங்கத் தலைவரின் வெள்ளை பேண்ட்டில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த பேண்ட்டில்தான் அஸ்தமனம் நன்றாக வந்திருந்தது என்று உறுப்பினர்கள் பேசிக்கொண்டார்கள்.

பட்டுத் தெளிந்த சங்கம் இந்த வருடம் விதியை மாற்றியது. முதலில் போட்டோ அனுப்ப வேண்டும். போட்டோவில் பிடித்தால்தான் படத்தையே கொண்டுவரலாம். மாஸ்டரும் போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். மறுநாளே தலைவரிடமிருந்து பதில் வந்தது. ‘அருமை. என்ன ஒரு முகக்களை! நுழைந்ததும் நேர் எதிரே உள்ள சுவர் உங்களுக்கு.’

அன்று அவர் கால் தரையில் படவில்லை. அவருடைய அக்காவின் காலும் படவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தில் இருந்தவள் அக்காதான்.

அக்கா பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் தொண்டையைச் செருமினால் இப்போதும் மூன்று தெருவுக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். தம்பிக்காக அந்தச் சின்ன அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அவள்தான். ஆடாமல் உட்காருவது அவளுக்கு ஆகாது, பேசாமல் உட்காருவது அதைவிட ஆகாது. அவள் பேசப் பேசத் தம்பி வரைந்தார். நாலைந்து தடவை உட்கார்ந்ததுமே முகம் வந்துவிட்டது. வீட்டம்மா எட்டிப் பார்த்து, “அப்படியே அண்ணிங்க. கைய எடுங்க. இதோட முடிஞ்சுது,” என்றாள். அவரை நம்பாமல், பக்கத்திலேயே நின்று படத்தின் மேல் வார்னிஷும் பூசவைத்தாள். வார்னிஷ் பூசினால் படத்துக்குப் பூட்டுப் போட்ட மாதிரி.

பூட்டு வீட்டம்மா போட்டது. சாவி அவர் கையில்தான் இருந்தது. வார்னிஷ் நன்றாகக் காய்ந்த ஒரு காலையில், கன்னம் கொஞ்சம் சிவந்து கிடப்பது போல அவருக்குத் தோன்றியது. சிவப்பை அடக்கப் பச்சையில் துளி தொட்டு வைத்தார். மறுநாள் நெற்றி சிவப்பாகத் தெரிந்தது. அதற்கும் ஒரு துளி. இப்படியே வாரக்கணக்கில் தினமும் காலைக் கடமை போல அக்காவின் முகத்தில் பச்சை ஏறியது. முடிகிற வரை படத்தை அக்காவுக்குக் காட்ட மாட்டேன் என்று சொல்லி, வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றைப் போட்டு மூடிவைத்தார்.

அக்காவோ பார்க்காத படத்துக்கு ஊரெல்லாம் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் படித்தவர்கள், படிக்காமல் ஏமாற்றியவர்கள், புருஷன் வழிச் சொந்தம், நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்தி வரை போன் போட்டாள். “திறப்பு விழாவுக்கு வந்துடு. நுழைஞ்சதும் நேர் எதிர் சுவத்துல நான்தான் இருப்பேன்.”

கண்காட்சிக்கு முந்தின நாள் படம் மாட்டுகிற நாள். மாலைக்குள் எல்லாம் சுவரில் ஏறிவிட வேண்டும், அதற்குமேல் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். மாஸ்டர் படத்தைக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். பின்னால் வீட்டம்மா பை நிறைய ஆணி, கொக்கி, டர்பன்டைன், துணிகளோடு வந்தாள். அதற்கும் பின்னால் அக்கா. புதுப் புடவை, படிய வாரிய தலை, கழுத்தில் சங்கிலி. “நாளைக்குத்தானே அண்ணி திறப்பு விழா?” என்று கேட்டதற்கு, “மாட்டுறவங்க என் முகத்த ஒப்பிட்டுப் பாக்க வேண்டாமா?” என்று பதில் வந்தது.

சங்கத் தலைவர் ஏணிமேல் நின்று தன்னுடைய கடல் ஓவியத்தை மட்டக்கோல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முன்னாள் நீச்சல் பயிற்சியாளர். கடலைத் தவிர வேறு எதையும் வரைந்ததில்லை. “வாங்க மாஸ்டர்! காஞ்சிருக்கில்ல?” என்று கேட்டபடியே தன் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“பாருங்க. இந்தக் கூடமே சொக்கிப்போகும்,” என்று மாஸ்டர் படுக்கைவிரிப்பை உருவினார்.

கூடம் சொக்கித்தான் போனது.

படத்தில் இருந்தது பச்சை நிறத்தில் ஒரு பெண்மணி. லேசான பச்சை என்றால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். இது குளத்துப் பாசிப் பச்சை. நெற்றியில் ஒரு பச்சை, கன்னத்தில் வேறொரு பச்சை, மூக்கு நுனி மட்டும் தனியாகக் கிளிப்பச்சை. மூன்று நாள் கப்பலில் வந்து இன்னும் கரையேறாதவள் போல இருந்தாள்.

தலைவர் போனை எடுத்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். “மாஸ்டர், போட்டோல இருந்த அம்மா எங்க?”

“இதுதாங்க அது!”

“அவங்க நல்லாச் செவப்பா, களையா இருந்தாங்க. இவங்களுக்கு உடம்பு சரியில்லையே.”

அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். கூடத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நேராக நின்றார்கள்.

“டேய்.”

“அக்கா, கொஞ்சம் பொறு...”

“என்னடா இது? தவளைக்குப் புடவை கட்டிவிட்ட மாதிரி!”

“லைட்டுக்கா, லைட்டு! இந்தக் கூடத்து லைட்டு சரியில்ல.” சொல்லிக்கொண்டே படத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார். வெயிலில் வைத்தார். வெயிலில் இன்னும் பச்சையாக இருந்தது. வண்ணக் கம்பெனியைத் திட்டினார். வார்னிஷைத் திட்டினார். தலைவரின் கடல் எதிரே இருப்பதால் அதன் சாயல் அடிக்கிறது என்றார். கடல் கூடத்துக்குள் இருந்தது, இவர்கள் மொட்டைமாடியில் இருந்தார்கள்.

தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் பேண்ட் பட்ட பாட்டை மறக்காதவர். “மாஸ்டர், நாங்க தேர்ந்தெடுத்தது போட்டோல இருக்கற படத்த. இது அது இல்ல. பூட்டறதுக்குள்ள அதக் கொண்டுவந்தா மாட்டறேன். இல்லேன்னா அந்த எடத்துல என்னோட இன்னொரு கடல மாட்டிடுவேன். ஏழெட்டு கடல் கைவசம் இருக்கு.”

மாஸ்டர் படத்தோடு கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் முதல்தடவையாகக் கிடைத்த சுவர். நேர் எதிரே வெறுமையாக, வெள்ளையாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதைவிட, நாளைக்கு ஓரகத்தி வந்து நிற்கும்போது அக்காவின் முகம் எப்படி ஆகும் என்பதை நினைத்தாலே அவர் முகம் படத்தின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

வீட்டம்மா படுக்கைவிரிப்பை மடிக்க எடுத்தவள், விரித்துப் பார்த்துவிட்டு நின்றாள். “என்னங்க, இது வெள்ளையாவா இருக்கு?”

“வெள்ளைத் துணி வெள்ளையா இல்லாம வேற எப்படி இருக்கும்?” என்று எரிந்து விழுந்தார்.

“உங்க ரூம்ல இது ரோஸ் கலராத் தெரிஞ்சுதே. துவைக்கும்போது எதோட சாயமோ ஏறிடுச்சுன்னு நான் ரெண்டு தரம் ஊறவச்சு அலசினேன். அப்பவும் அங்க ரோஸ்தான்.”

மாஸ்டர் துணியை வாங்கிப் பார்த்தார். அவர் பிரிக்கிற முப்பது வெள்ளையில் இது மிகச் சாதாரணமான ஒரு வெள்ளை. மெதுவாக அவருடைய வாய் திறந்தது.

சந்தின் எதிர்ப்பக்கம் சலவைக் கடை. போன மாதம்தான் கடைக்காரர் தன் சுவர் முழுக்கத் தக்காளிச் சிவப்பு அடித்திருந்தார். வாடிக்கையாளர் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டுமாம். அடுத்த ஊரிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்கிற அளவுக்குச் சிவப்பு. அந்தச் சுவரை மாஸ்டர் வாயாரத் திட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு போய், ஒருதரம் சலவை மூட்டைமேலேயே விழுந்திருக்கிறார். ஆனால் காலை வெயில் அந்தச் சுவரில் பட்டு, அதே சிவப்பு தன்னுடைய ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருப்பதை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. அறையே வெட்கப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. அக்காவின் கன்னம் சிவக்கவில்லை, சலவைக் கடை சிவந்திருக்கிறது. அதை அடக்கத்தான் இவர் தினமும் பச்சை வைத்திருக்கிறார். போட்டோவும் பச்சை ஏற ஆரம்பித்த பிறகு அதே ஜன்னலோரத்தில் எடுத்ததுதான், அதனால்தான் அதில் பச்சை தெரியவில்லை.

“ஜன்னல் பொய் சொல்லிடுச்சு,” என்றார், கூட்டாளி காலை வாரிவிட்டது போல.

“ஜன்னல் மேல பழியப் போடாத,” என்றாள் அக்கா. “ஜன்னலா ப்ரஷ்ஷ எடுத்து என் மூஞ்சியில தடவுச்சு? இவ அன்னிக்கே முடிஞ்சுதுன்னு சொன்னாளா இல்லியா?”

“சொன்னேன் அண்ணி. வார்னிஷே பூசவச்சேன்.”

“அக்கா, நீ இப்படி ஜன்னலோரமா உட்காரு. திருப்பி வரைஞ்சுடறேன். சாயந்தரத்துக்குள்ள...”

“நீயா? சாயந்தரத்துக்குள்ளயா?” அக்கா சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. “கூடத்தப் பூட்டுவாங்க, தொறப்பாங்க, கண்காட்சி முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போவாங்க. நீ காதுக்கு ஒரு டச் குடுத்துட்டு இருப்ப.”

வீட்டம்மா அதற்குள் படத்தின் ஓரத்தில், பச்சை ஏறிய மோவாய்ப் பக்கம், விரல் நுனியை வைத்து அழுத்திப் பார்த்தாள். விரலில் பச்சை ஒட்டியது. “இது இன்னும் முழுசாக் காயலைங்க. வார்னிஷுக்கு மேல நீங்க பூசினது எல்லாம் மேலாகத்தானே நிக்கும்? கீழ இருக்கறது காஞ்சு கல்லு மாதிரி இருக்குமில்ல?”

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரியக் கூடாது என்று பார்த்தார். “அது வந்து... துடைச்சா... ஆனா ஒரு மாச உழைப்புடி!”

“ஒரு மாசப் பச்சை,” என்றாள் வீட்டம்மா. டர்பன்டைன் பாட்டிலின் மூடி ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

துடைக்க அவரே உட்கார்ந்தார். துணியை நனைத்தார். நெற்றிக்குக் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்திக்கொண்டார். “இந்த நெத்தி ஓரத்துல மட்டும் கொஞ்சம் விட்டுவைக்கலாமே. அந்த எடம் அமைஞ்சு வந்திருக்கு.”

அக்கா துணியைப் பிடுங்கி வீட்டம்மாவிடம் கொடுத்தாள். பிறகு தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்து, சின்ன வயதில் அடிவாங்கப்போகிறவனை நிறுத்துவது போலப் பின்னால் கட்டவைத்து நிறுத்தினாள். “கைய எடுத்தே, தெரியும்.”

வீட்டம்மா துடைத்தாள். அடுப்பு மேடையைத் தேய்க்கிறவள் போல அல்ல. காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி, தொட்டும் தொடாமலும். துணி பச்சையாகப் பச்சையாக வேறு துணி. மாஸ்டரின் பனியன் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியானது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் “ஐயோ” என்றார். கன்னம் போனபோது “அந்த நிழல்!” என்று முனகினார். மூக்கு நுனிக் கிளிப்பச்சை போனபோது கண்ணையே மூடிக்கொண்டார். மற்ற ஓவியர்கள் எல்லாம் ஆணி அடிப்பதை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள். இப்படி ஒரு படம் வரையப்படுவதை அவர்கள் பார்த்ததில்லை.

கடைசியில் வாய் மட்டும் மிச்சம் இருந்தது. “அது இருக்கட்டும்!” என்று மாஸ்டர் திடீரென்று கத்தினார். “வாய்ல பச்சையே இல்ல. அதத் தொடவேண்டாம்!”

அவர் கத்தின கத்தலில்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தாள். படத்தில் அவள் உதடு லேசாகத் திறந்து, உள்ளே பல் தெரிந்தது. முத்து கோத்த மாதிரி வரிசை. ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாத பல்.

“இது யாரு பல்லுடா?”

மாஸ்டர் மெல்ல ஏணிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

அக்காவின் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் கால்மேல் கால் போட்ட மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கும். தம்பி பல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைச் சரிசெய்ய அவளைக் கெஞ்சியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் கெஞ்சினார், பிள்ளை பெற்ற பிறகு கெஞ்சினார், ஓய்வு பெற்ற நாளன்று கடைசியாக ஒருதரம் கெஞ்சிப் பார்த்தார். “என் பல்லு, என் வாயி, நீ உன் வேலையப் பாரு,” என்பதுதான் எல்லாத் தடவையும் பதில். நிஜ வாயில் கைவைக்க முடியாதவர், வார்னிஷுக்கு மேல் பச்சையோடு பச்சையாகப் படத்து வாயிலும் கைவைத்துவிட்டார்.

“இத்தன வருஷமா நெனச்சத ஓசைப்படாம முடிச்சிட்டியா?” என்றாள் அக்கா. கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. “துடைடி.”

வீட்டம்மா ஒரே இழுப்பு இழுத்தாள். அந்தப் பல் வந்தது. ஏறி உட்கார்ந்த பல். அதோடு வாய் முழுவதும் மாறியது. அழகாகப் புன்னகைத்துக்கொண்டிருந்த சீமாட்டி போய், பாதி வாக்கியத்தில் யாரையோ வெட்டிப் பேசப்போகிற அக்கா வந்து நின்றாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

தலைவர் மட்டக்கோலோடு வந்தார். படத்தை நெடுநேரம் பார்த்தார். பார்த்த பார்வையில் அவருக்குப் பிடித்துவிட்டது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் சங்கத் தலைவர் சங்கத் தலைவர்தானே. போனை நீட்டினார். “நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா இப்பவும் போட்டோல இருக்கறது இல்லியே. போட்டோல பல்லு வரிசையா இருக்கு. இங்க ஒண்ணு தூக்கிட்டு நிக்குது. விதின்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அனுப்பினது வேற, கொண்டுவந்தது வேற.”

மாஸ்டருக்கு உயிர் வந்தது. “அதான் சொல்றேன்! பல்ல மட்டும் ஒரே ஒரு டச் குடுத்து நேராக்கிட்டா போட்டோ மாதிரியே...”

“நீ வாய மூடு,” என்றாள் அக்கா. பிறகு தலைவரின் எதிரே போய் நின்றாள். பேச்சு முடிந்தது என்று அவர் அதற்குள் ஏணியின் இரண்டாம் படியில் ஏறியிருந்தார். தானாகவே தரைக்கு இறங்கினார்.

“இது யார் படம்?”

“உங்க படம்... மேடம்.”

“என்னைப் பாத்து வரைஞ்சதா? போனப் பாத்து வரைஞ்சதா?”

“உங்களப் பாத்து.”

அக்கா வாயை அகலத் திறந்து காட்டினாள். நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர் எத்தனையோ ஆழம் பார்த்தவர். இருந்தும் ஒரு கணம் தடுமாறினார்.

“நல்லாப் பாத்துக்கோங்க. எது அசலு, எது நகலு? விதி போட்டோவுக்கா, எனக்கா?”

தலைவர் பல்லைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “ஆணிய எடுங்க மாஸ்டர்,” என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

படம் நேர் எதிர்ச் சுவரில் ஏறியது. மட்டக்கோலின் குமிழி நடுவில் நின்றது. மாஸ்டர் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அவிழ்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கூடத்தின் வாசல்வரை பின்பக்கமாகவே நடந்துபோய் அங்கிருந்து பார்த்தார். இடது காது கொஞ்சம் தட்டையாக இருந்தது. கழுத்தில் ஒரு கோடு வேண்டாத கோடு. புடவையின் மடிப்பை அவர் சரியாகவே வரையவில்லை. அத்தனையும் இருந்தும், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்கா அவரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க,” என்றாள் பக்கத்தில் வந்து நின்ற வீட்டம்மா. “உங்களுக்குத் தெரியாமலே.”

மறுநாள் திறப்பு விழாவில் கூடம் நிரம்பி வழிந்தது. தலைவரின் கடல் பக்கம் ஈ காக்கை இல்லை. அக்கா தன் படத்தின் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஓரகத்தி வந்தாள். படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“எல்லாம் சரி. உன் தம்பி பல்லு டாக்டர்கிட்டத்தானே வேலை பாத்தாரு? படத்துலயாவது அதக் கொஞ்சம் நேராக்கியிருக்கக் கூடாதா?”

வாசலோரம் நின்றிருந்த மாஸ்டரின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தது.

“டேய்!” என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.